பெஸ்னாவின் பெயர்

என் கணவர் ஷெம்தினுக்கு இந்த டூயிஸ்பர்க் நகரத்தில் இரண்டு வேலை. வாரத்தில் ஐந்து நாள் டயர்க் கிடங்கு, சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாட்டு. கிடங்கு எங்களுக்குச் சோறு போட்டது. பாட்டு அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, எனக்கு முப்பது வருஷத்து வயிற்றெரிச்சலைத் தந்தது.

எல்லாம் ஒரே ஒரு பாட்டால் வந்த வினை. எண்பத்து நாலில், ஊரைவிட்டுத் தப்பி ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு சினேகிதன் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து கேசட் பதிவு செய்தார். அங்கேதான் எதிரொலி நன்றாக வருமாம். எங்கள் குர்தி மொழியில் பாடினால் ஊரில் ஜெயில் என்றிருந்த காலம் அது. கேசட்டுகள் சலவைத்தூள் டப்பாவுக்குள் ஒளிந்து எல்லை தாண்டின. மொத்தம் எட்டுப் பாட்டு. மற்ற ஏழும் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. எட்டாவதில், "பெஸ்னா, பெஸ்னா, பருத்திக் காட்டில் ஒருமுறை திரும்பிப் பார்" என்று வரும். அந்தப் பெயரை அவர் இழுக்கிற இழுப்பில், கல்யாணங்களில் சுண்டுவிரல் கோத்து வரிசையாக ஆடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூடவே கத்துவார்கள். லண்டன் முதல் ஸ்டாக்ஹோம் வரை அவரைக் கூப்பிட்டது அந்தக் கத்தலுக்காகத்தான்.

அடுத்த வருஷம் என்னைக் கட்டிக்கொண்டார். நான் சின்ன வயதிலேயே அப்பாவோடு இங்கே வந்துவிட்டவள், அவர் ஊரைப் பார்த்ததில்லை. கல்யாணமான மூன்றாம் நாளே கேட்டுவிட்டேன்.

"யாருய்யா அந்தப் பெஸ்னா?"

"பாட்டுன்னா ஒரு பேரு வேணும்ல. சும்மா வச்சேன்."

"சும்மா வைக்கிறதுக்கு ஹெலிமேன்னு என் பேர வச்சிருக்கலாமே."

"அப்ப உன்னைத் தெரியாதே, கண்ணு."

சரி என்று விட்டேன். இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து அவர் தங்கை போனில் பேசும்போது வாய்தவறி உளறினாள். பெஸ்னா நிஜமான பெண், அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவள், இடுப்பு வரை பின்னலாம். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ஒரு வாரம் பேசவுமில்லை.

சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள் நான். தொண்டை கட்டினால் தேனும் எலுமிச்சையும் கலந்து கொடுக்கிறவள் நான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தத் தொண்டையால் அவர் பாடுவது அவளை. மண்டபத்தில் பெண்கள் ஓடி வந்து, "நீங்கதான் பெஸ்னாவா?" என்று என் கையைப் பிடிப்பார்கள். "இல்ல, நான் அவரு பொண்டாட்டி" என்பேன். முகம் விழுந்துவிடும் அவர்களுக்கு. எனக்கு மகள் பிறந்தபோது பெஸ்னா என்று பெயர் வைக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று குதித்தேன். ஆமாம், பொறாமைதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செய்தி வந்தது. பெஸ்னா டோர்ட்மண்டில் இருக்கிற மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாளாம், எங்களைப் பார்க்க வேண்டுமாம். நான் மூன்று நாள் வீட்டைத் துடைத்தேன். தலைக்குச் சாயம் அடித்தேன். ஷெம்தின் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டதையும் பார்த்து வைத்தேன்.

வந்தவள் குள்ளமாக, முட்டி வலியோடு, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பின்னல் இருந்ததா இல்லையா என்று தலைத்துணி காட்டவில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். அந்த அண்ணேயில் எனக்குப் பாதி வயிறு குளிர்ந்தது. "என் பேர அந்தப் பாட்டுலேர்ந்து எடுத்துடுங்க."

"நான் தப்பா எதுவும் பாடலையே" என்றார் இவர்.

"நான் உங்ககிட்ட ஒரு வார்த்த பேசினதுண்டா? நீங்க பாத்தது கூட எனக்குத் தெரியாது. கேசட் வந்தப்ப எனக்கு நிச்சயம் ஆயிருந்துச்சு. 'எவன்கூடயோ பழகினவ'ன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விட்டுட்டுப் போனாங்க. நாலு புள்ளைங்களோட இருந்தவருக்கு ரெண்டாந்தாரமா குடுத்தாங்க. நல்ல மனுஷன். அந்தப் பாட்டு கேட்டா மட்டும் எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. போன வருஷம் அவரு செத்து, துக்க வீட்டுல உக்காந்திருக்கேன். யாரோ ஒருத்தன் போன் அடிக்குது, அதே பாட்டு. அத்தன பேரும் திரும்பி என்னையப் பாத்தாங்க."

ஷெம்தின் தலை குனிந்தபடியே, "எடுத்துடறேன், தங்கச்சி. இது வாக்கு" என்றார்.

அவள் போனதும் என்னிடம் கேட்டார். "வேற என்ன பேரு போட?"

"இதைக் கேக்க முப்பது வருஷம் ஆச்சாக்கும்? என் பேரப் போடுய்யா."

போட்டார். ஒரு வாரம் சமையலறையில் பாடிப் பார்த்தார். என் பெயரைச் சுமந்துகொண்டு அந்த மெட்டு கொஞ்சம் நொண்டியது, ஆனாலும் எனக்குத் தேன். அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர் எஸ்ஸெனில் ஒரு கல்யாணம். புது உடை தைத்துப் போட்டுக்கொண்டு மேடைக்கு நேர் எதிர் மேஜையில் உட்கார்ந்தேன்.

"ஹெலிமே, ஹெலிமே..." என்று இழுத்தார். எண்ணூறு பேர் ஒரே குரலில் "பெஸ்னா!" என்று கத்தினார்கள். அவர் நிறுத்திவிட்டு மறுபடி "ஹெலிமே" என்றார். கிழவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, கைதட்டித் தட்டி இன்னும் பலமாக எடுத்துக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பெண் உச்சுக் கொட்டினாள். "பாவம், வயசாயிடுச்சு. சொந்தப் பொண்டாட்டி பேரே மறந்துபோச்சு பாருங்க. அது எவ இந்த ஹெலிமே?"

மேடையில் ஷெம்தின் மைக்கைப் பிடித்தபடி, "இனிமே இந்தப் பாட்டு கிடையாது. யாரும் கேக்காதீங்க" என்றார். ஏசினார்கள், கெஞ்சினார்கள். வேறு பாட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கல்யாணங்களுக்குக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது. ஊருக்கு ஊர் அவர் பேர் எதனால் நின்றதோ, அதையே அவளுக்காக விட்டுவிட்டார். எனக்காக இந்த மனிதர் ஒரு சிகரெட்டைக் கூட விட்டதில்லை.

இப்போது காலையில் கண்ணாடி முன் சவரம் செய்யும்போது அவர் உதடு மட்டும் அசைகிறது. சத்தமே இல்லை. முதல் எழுத்துக்கே உதடு ஒட்டித் திறப்பதில், அது என் பெயரில்லை, அவள் பெயர் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஊரே கேட்கப் பாடின காலத்தில் கூட எனக்கு இப்படி எரிந்ததில்லை. நேற்றுத் தாங்க முடியாமல், திறந்திருந்த குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"யோவ், அதைச் சத்தமாத்தான் பாடித் தொலையேன்!"

சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தார். "முடியாது ஹெலிமே. அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.