முருங்கைக்காய்க்கு ஓடிய தூரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையில், ரிங்லெட்டில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பம்பில் புத்தம்புதிய கார் ஒன்று. கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு ஸ்ட்ராபெரி பறிக்க வந்தவர் போல. என் காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி மீட்டரைப் படித்தார்.

“அக்கா, இவ்ளோ பழைய டர்போ காரு, ரெண்டு லட்சத்து அறுபதாயிரந்தான் ஓடிருக்கா? ஒரிஜினல் மைலேஜாக்கா?”

“இல்ல தம்பி. மீட்டர பின்னால சுத்திருக்கு.”

மனிதர் அசந்துபோனார். கார் வைத்திருக்கும் யாரும் தன் வாயால் சொல்லாத வார்த்தை அது. இருந்தும், “விக்கிறீங்களாக்கா?” என்றார்.

“விக்கத்தான் சுத்தினது. ஆனா விக்க மாட்டேன்.”

தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். பிள்ளைகள் காத்திருந்தார்கள், அவருக்கு நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் ஒன்றும் அவசரமாகக் கிளம்பப் போவதில்லையே?

பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குத் திரிங்காப் என்கிற ஊரில் இருந்த ஒரு பூந்தோட்டம்தான் நினைவுக்கு வரும். செவ்வந்திப் பாத்திகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, இந்தக் கார் தூசி படிந்து நின்றது. பூந்தோட்ட முதலாளியின் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான், ஓட்ட ஆளில்லை. நான்கு சக்கரத்துக்கும் இழுவை, கையால் போடும் கியர், டர்போ. அப்போதே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது, தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த நகையை விற்று வாங்கினேன். இதிலே மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க அதே பேச்சு. “தொரையே பழைய ஜீப்புல போறாரு, கிராணியம்மாவுக்கு ரேஸ் காரு கேக்குதாம்லா!” என்று தொழிலாளர் லயத்துக் குழாயடியில் சிரித்தார்கள். ஈப்போவில் இருக்கும் என் அண்ணன் போனிலேயே குதித்தான். பொம்பளைக்கு எதற்கு இந்த வேகம் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். ஆம்பளைக்கு எதற்கு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, கவனித்தீர்களா?

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்து, என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தாள். முதல் நாள் கையில் பிளாஸ்டிக் பையோடுதான் ஏறினாள், வாந்தி வந்தால் என்ன செய்வது என்று. அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு வாந்தியும் வரவில்லை, மயக்கமும் வரவில்லை. திரும்பி ஏறும்போது டர்போவின் அழுத்தத்தைக் காட்டுகிற சின்ன முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தவள், பாதி மலையில் கேட்டாள்.

“ஏண்டி, அந்த ஊசி செவப்புக் கோட்டுக்கிட்ட போகவே மாட்டேங்குது?”

“அழுத்தினாத்தாம்மா போகும்.”

“அப்ப அழுத்தேன். யாரு வேணாங்கிறா?”

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் தாப்பாவுக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே? ஊருக்கே காய்கறி அனுப்புகிற மலையிலிருந்து காய் வாங்கத்தான் போகிறோம் என்று சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்தாள். இந்தக் குளிரில் முருங்கை காய்க்காது. ஆகவே முருங்கைக்காய். மூன்றே மூன்று காய்க்காக மலையிறங்கி, ஒரு டீ குடித்து, மறுபடி மலையேறினோம். வீட்டில் சாம்பார், பொரியல், புளிக்குழம்பு எல்லாம் முருங்கைக்காய்தான். எனக்கு இன்றுவரை அதைக் கண்டாலே வயிறு புரளும். அதை அம்மாவிடம் சொன்னதே இல்லை.

இவ்வளவு ஓடிய வேகக் காரை வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். தண்ணீர்க் குழாய்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும். மூன்றாம் கியர் குளிரில் கரகரவென்று முனகும். ஈப்போவில் ‘ஹாஃப் கட்’ கடைகள் உண்டு. ஜப்பானில் குறுக்கே அறுத்துக் கப்பலேற்றிய கார்களின் முன்பாதிகள் அங்கே வரிசையாக நிற்கும். மற்றவர்கள் சேலை எடுக்கப் போகிற நாளில் நான் அங்கே அரைக் கார்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். நகமெல்லாம் கறுப்பு. ஆபீசில் கணக்குத் தாளில் என் கட்டைவிரல் ரேகை பதிந்து, மானேஜரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மலையேறி வந்ததும் எஞ்சினை உடனே அணைக்கக்கூடாது. டர்போ கொதித்துக் கிடக்கும், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் அம்மா மீட்டரைச் சத்தமாகப் படிப்பாள். அவளுக்கு எழுத்து வராது, எண் வரும். தராசைப் படித்துப் பழகிய கண்.

தராசு என்றதும் கொழுந்து நிறுக்கும் கொட்டகை கண்ணில் நிற்கிறது. பள்ளி விட்டு வரும் வழியில் நான் அங்கே போய் நிற்பேன். ஒரு நாள் கங்காணி, ஈரக் கழிவு என்று அம்மாவின் கூடைக்கு இரண்டு கிலோ குறைத்தார். அன்றைக்கு மழையே இல்லை. அம்மா கூடையைத் திரும்பத் தராசில் தூக்கி வைத்தாள். பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். கங்காணி சிரித்து மழுப்பி, “சரி விடும்மா, ரெண்டு கிலோ சேத்துப் போட்டுக்கிறேன்” என்றார்.

“நீங்க ஒண்ணும் போட்டுத் தர வேணாம். நிறுங்க.”

நிறுத்தார். நான் பெரியவளாகி, அதே கொழுந்துக் கணக்கை எழுதுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அம்மா அவ்வப்போது, சரியாக எழுதுகிறாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

பதினொரு வருடம் இப்படி ஓடிற்று. அப்புறம் ஒரு ஏற்றத்தில் பின்னால் நீலப் புகை கிளம்பியது, டர்போ போயிற்று. அதே மாதம்தான் கியரும் தகராறு. நான் தளர்ந்துபோனேன். ரிங்லெட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சேகரிடம், “அலுத்துப்போச்சு சேகர், சரி பண்ணிக் குடு, வித்துடுறேன்” என்றேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஈப்போவில் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரச் சொல்லிவிட்டான். அம்மா மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சனிக்கிழமை காரை எடுக்கப் போனபோது தானும் வருகிறேன் என்றாள். கடைசியாக ஒரு தடவை உட்காரத்தான். உட்கார்ந்தாள், வழக்கம்போல மீட்டரைப் பார்த்தாள்.

“தொண்ணூத்தெட்டாயிரம்,” என்று படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மூணு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூத்திப் பன்னெண்டு இருந்துச்சேடி. எங்கடி மிச்சம்?”

சேகர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “நல்ல வெலைக்குப் போகட்டும்னு நாந்தான் சுத்தி வெச்சேம்மா. எல்லாரும் செய்யிறதுதான்லா.”

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். நான்கரை அடி உயரம், அவன் நெஞ்சுக்கு வருவாள்.

“அதுல ஒக்காந்து போனது நானும் எம்மவளும். யாரக் கேட்டுடா கொறச்ச?”

அவன் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவன் இல்லை, எனக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தான். “மன்னிச்சுக்கம்மா, பத்து நிமிசம் குடுங்க, பழைய நம்பரையே வெச்சுடுறேன்” என்றான்.

“நீ வெச்சா அது நீ வெச்ச நம்பரு. தொடாத. அது ஓடித்தான் ஏறணும்.”

எனக்கு அழுகையாக வந்தது. விற்கச் சம்மதித்தவள் நான்தானே? அந்த வெட்கத்தை இன்றும் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

மறுநாள் ஈப்போக்காரர் வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். “மீட்டர்ல உள்ளது பொய்யிங்க. நாலு லட்சத்துக்குப் பக்கத்துல ஓடிருச்சு. அதோட, விக்கிறதாவும் இல்ல. டீ குடிச்சிட்டுப் போங்க.” அவர் டீகூடக் குடிக்கவில்லை. அண்ணன் போனில், “ரெண்டு பேருக்கும் புத்தி பெரண்டுபோச்சா?” என்று கத்தினான். “ஆமான்னே வெச்சுக்க” என்று வைத்துவிட்டேன்.

மறுபடி ஓட ஆரம்பித்தோம். சேகர்தான் இன்றுவரை காரைப் பார்க்கிறான், மீட்டர் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோவதில்லை. எட்டு வருடத்தில் இரண்டு லட்சத்து மூவாயிரம் வரை அம்மா படித்தாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இப்போது கொட்டகை இல்லை. இரண்டு ஆள் பிடித்து ஓட்டும் இயந்திரம் கொழுந்தை வெட்டிப் பைக்குள் தள்ளுகிறது, தராசின் முன்னால் நின்று எண் படிக்க யாருமில்லை. சனி ஞாயிறில் பாதை முழுக்கச் சுற்றுலா வண்டிகள், மூன்றாம் கியருக்கே வேலை இல்லை. ரிங்லெட் கடையிலேயே முருங்கைக்காய் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடைக்கிறது. தாப்பாவுக்குப் போக எனக்கு இனி ஒரு காரணமும் கிடையாது. அதனால் என்ன, காரணமில்லாமலே போகிறேன். அண்ணன் இன்னமும் மின்சாரக் கார் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறான், அனுப்பட்டும்.

போன ஞாயிறும் அந்தப் பம்பில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு மலையிறங்கி, டீ குடித்து, ஏறினேன். வழியில் ஒரு இடத்தில் பாதை காலியாக இருந்தது. அழுத்தினேன், ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் மூன்று முருங்கைக்காய். ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

“ரெண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்து நாப்பதும்மா,” என்று சத்தமாகப் படித்தேன். “பழைய நம்பருக்கு இன்னும் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் இருக்கு.”

இரண்டு நிமிடம் ஆனதும் அணைத்தேன்.