இரண்டு முராய்கள்

மலாய் நாட்டில், காஜா பேராங் என்ற ஊரில், எங்கள் வீட்டில் இரண்டு முராய்ப் பறவைகள் இருந்தன. என் கணவர் வளர்த்தவை. ஒன்று 'முராய் பத்து', காட்டிலிருந்து வந்தது. நீண்ட வால், செங்கல் நிற வயிறு, வாலுக்கு மேலே முதுகில் வெள்ளைத் திட்டு. கேட்ட குரலையெல்லாம் திருப்பிப் பாடும். மற்றது 'முராய் கம்போங்', எங்கள் கொல்லையில் பிடிபட்டது. வால் குட்டை, வயிறு வெள்ளை, சிறகில் ஒரு வெள்ளைக் கோடு. விடியலில் நாலு சீழ்க்கை, அவ்வளவுதான். "இது தொர, அது கூலி" என்பார் கணவர், காட்டுப் பறவையை முதலில் காட்டி, வந்தவர்களிடம்.

ஜப்பான்காரன் காலம். நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம், தொரைக்கு முட்டை. ஒரு ஜப்பானிய அதிகாரி ஞாயிறுதோறும் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் பாட்டைக் கேட்பான்; போகும்போது ஒரு டின் அரிசி கொடுப்பான். தொரைக்கு வெட்டுக்கிளி பிடிப்பது என் வேலை. அப்போது நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன்.

இறகு உதிரும் பருவம் வந்ததும் தொர வாயை மூடிக்கொண்டது. அந்த ஞாயிறு கணவர் அதை அடுப்படியில் ஒளித்துவிட்டு, கொல்லைப் பறவையின் கூண்டைத் துணியால் மூடி வாசலில் மாட்டினார்.

இரண்டாவது சீழ்க்கையிலேயே அதிகாரி கண்ணைத் திறந்தான். துணியை விலக்கினான். மற்றதையும் கொண்டுவரச் சொன்னான். கொல்லைப் பறவையைக் கையில் எடுத்து, அரைகுறை மலாயில் வாத்தியார் போலப் பொறுமையாக விளக்கினான்.

"இதுக்கு றெக்கையில வெள்ள. அதுக்கு முதுகுல. வாலப் பாரு. நான் என்ன முட்டாளா?"

விளக்கி முடித்ததும் அதன் கழுத்தைத் திருகிக் கணவரின் சட்டைப்பையில் போட்டான். "அடுத்த ஞாயிறு அது பாடணும். இல்லன்னா நீ சயாம் ரயில் வேலைக்குப் போ." அந்த வேலைக்குப் போய்த் திரும்பியவர் யாரையும் நாங்கள் பார்த்ததில்லை.

அவன் போனதும் கணவர் என் பக்கம் திரும்பினார். "வெட்டுக்கிளிய ஒழுங்கா போட்டியாடி?" வயிற்றில்தான் உதைத்தார். மாலைக்குள் கரு கலைந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண், தமிழ் மறந்த வம்சம், மலாயில் யாரையோ சபித்தபடி என் துணிகளை அலசினாள். கணவர் பறவைக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவர் வெட்டுக்கிளி தேடிப் போயிருந்தபோது கூண்டைத் திறந்தேன். அது வெளியே வரவில்லை. கையை விட்டு எடுத்து, வேலிக்கு அப்பால் வீசினேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் அவரை லாரியில் ஏற்றினார்கள். "ஏண்டி இப்படிப் பண்ண?" என்று அழுதார். அவர் திரும்பி வரவே இல்லை.

லாரி போன பிறகு கிழங்கை வேகவைத்துத் தின்றேன். சாயங்காலம் வரை நன்றாகத் தூங்கினேன்.