பிரகதீஸ்வரி கொல்லிமலை ஏறிய நாள்

பிரகதீஸ்வரிக்கு மேடு என்றால் கண்மாய்க் கரை, பள்ளம் என்றால் கண்மாய். இந்த இரண்டையும் வைத்துத்தான் அவள் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாள். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் அண்ணனுடைய டிராக்டரை எடுத்துக்கொண்டு வட்டமடிப்பாள். கருவமுள் ஏறி டயர் போய்விடும் என்று அண்ணன் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவருவான். அதெல்லாம் பழைய கதை. இப்போது அவள் இலுப்பூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் ஹாரனை அழுத்தினால் சந்தைப்பேட்டையில் நிற்கிற லோடு ஆட்டோக்காரர்கள்கூட மறுபேச்சுப் பேசாமல் வழிவிடுவார்கள். கொஞ்சம் திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஆனால் வெளியூர் சவாரி மட்டும் அவளுக்கு வாய்த்ததே இல்லை. பழனி, வேளாங்கண்ணி என்று எந்த டூர் வந்தாலும் வேன் முதலாளி முத்துராஜ் ஆண் டிரைவரைத்தான் அனுப்புவார். இந்த வருஷம் மகளிர் குழுவினர் கொல்லிமலைக்குப் போவது என்று முடிவானதும், குழுத் தலைவி ரஞ்சிதா அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஈஸ்வரி ஓட்டுனாத்தான் ஒங்க வண்டி எங்களுக்கு வேணும். இல்லாட்டி வேற எடத்துல பாத்துக்கிறோம்ணே.”

முத்துராஜ் தலையைச் சொறிந்தார். வேறு வழியில்லாமல் பிரகதீஸ்வரியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். “இந்தாத்தா. எழுபது கொண்டை ஊசி வளைவு. நல்லபடியா ஏத்தி எறக்கிட்டு வந்துட்டீன்னா இனிமே டூர் வண்டியெல்லாம் ஒனக்குத்தான். நடுவழியில பயந்துபோயி எவன் கையிலயாவது ஸ்டியரிங்கக் குடுத்தேன்னு என் காதுல விழுந்துச்சு, அப்பறம் காலம்பூரா ஸ்கூல் வண்டிதான். சொல்லிப்புட்டேன்.”

“குடுக்க மாட்டேண்ணே!” என்றாள். வீடு வந்து சேரும் வரை அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டில் அவள் மாமியார் சொர்ணவல்லி காத்திருந்தாள். அவளும் அதே குழுவில்தான் இருக்கிறாள். “இவ ஓட்டுற வண்டியில நான் மலைக்குப் போறதா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். சொன்னவள்தான் மறுநாள் விடியுமுன் எல்லோருக்கும் முன்னால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கேட்டால், “கட்டுன காசு வீணாப் போகவா?” என்றாள்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. திருச்சியைத் தாண்டி, நாமக்கல்லைத் தாண்டி, காரவள்ளி அடிவாரத்துக்கு வந்ததும் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார்கள். மலை மேலே போய்க்கொண்டே இருந்தது, உச்சி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஊர்ப்பக்கத்துக் குன்றுகளான நார்த்தாமலையையும் குடுமியான்மலையையும் மலை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கழுத்தே வலித்துவிட்டது.

முதல் வளைவில் பிரகதீஸ்வரி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினாள். எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்து ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்தார்கள். யாரோ குலவை போட்டார்கள். அவ்வளவுதான்! அதற்கப்புறம் வளைவுக்கு வளைவு குலவை. ராஜலட்சுமிக்கு ஒவ்வொரு வளைவிலும் இறங்கிச் சூடம் கொளுத்த வேண்டுமாம். “எழுபதுக்கும் கொளுத்துனா பொங்கலுக்குத்தான் ஊரு போயிச் சேருவோம்” என்று ரஞ்சிதா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஜன்னல் வழியாக வெள்ளையாக மஞ்சு உள்ளே வந்தது. “மேகத்தத் தொட்டுட்டேன்டி!” என்று ஒருத்தி கத்த, பதினைந்து பேரும் கையை வெளியே நீட்டினார்கள். பிரகதீஸ்வரிக்கும் ஒரு கையை நீட்ட ஆசைதான். நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

இப்படிக் கும்மாளமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டது. மழை பெய்து ஓய்ந்த நேரம். பாறை இடுக்கிலிருந்து பளிங்கு மாதிரித் தண்ணீர் கொட்டி, ரோட்டை நனைத்துக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது.

“நிறுத்து, நிறுத்து! தண்ணி சும்மா போகுதுடி!”

ஊரில் இவர்கள் பாடு என்ன தெரியுமா? குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். போர்த் தண்ணீரிலோ பருப்பு வேகாது. சும்மா கொட்டுகிற நல்ல தண்ணீரைப் பார்த்துவிட்டு எப்படிக் கடந்து போவார்கள்? வழியில் சமைப்பதற்காகக் கொண்டுவந்த பிளாஸ்டிக் குடங்கள் எல்லாம் இறங்கின. அடுத்த வளைவில் இன்னொரு ஊற்று. “இது அதவிட இனிக்குது!” என்று அங்கேயும் இறங்கினார்கள். குடம் நிறைந்ததும் அண்டா, அண்டா நிறைந்ததும் சாம்பார் வாளி என்று கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் நிறைத்தார்கள். டிரைவராச்சே, பாரம் ஏறுகிறதே என்று பிரகதீஸ்வரிக்காவது தெரிய வேண்டாமா? அவள்தான் தன் சீட்டுக்கு அடியிலிருந்து கேன்களை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள்.

மேலே போகப் போக வேன் முனகியது. செங்குத்தான ஒரு வளைவில் முதல் கியரிலேயே திணறி, இருமி, நின்றுவிட்டது. நின்றதோடு போகாமல் பின்னால் நழுவவும் செய்தது. குலவை போட்ட வாயெல்லாம் “ஆத்தாடி!” என்று அலறின. பிரகதீஸ்வரி பிரேக்கை அழுத்தி ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாள். ரஞ்சிதா குதித்து ஓடிச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டாள். பிரகதீஸ்வரி மறுபடி வண்டியை எடுத்துப் பார்த்தாள். வண்டி அசையவில்லை.

பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒரு வெள்ளைக் காரிலிருந்து சேலத்துக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். கெட்ட மனுஷரில்லை. “லேடீஸ் டிரைவரா? எறங்கும்மா, நான் மேல ஏத்தித் தர்றேன். எனக்கு இந்த ரோடு தண்ணி பட்ட பாடு.”

“குடுத்துருடி ஈஸ்வரி, உசுரு முக்கியம்” என்றாள் ராஜலட்சுமி.

பிரகதீஸ்வரியின் கை ஸ்டியரிங்கை விட்டு எழும்பியேவிட்டது. கொடுத்தால் எல்லோரும் பத்திரமாக மேலே போய்விடலாம். ஆனால் நாளை முதல் பள்ளிக்கூட வேன்தான், சாகிற வரைக்கும். அழுகை வந்தது. அழுகையை மறைக்கத் திரும்பியவள் கண்ணில் நடைவழி முழுக்க நிரம்பி நின்ற குடங்கள் பட்டன.

“அடிப்பாவிகளா! நானும் ஒரு பாவி! வண்டி ஏறலடி, தண்ணிதான் இழுக்குது! எல்லாத்தையும் கீழ ஊத்துங்க!”

ஒருத்தியும் நகரவில்லை. நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றிப் பழக்கப்பட்ட கையா அவர்களுடையது? “பாவம்டி” என்று குடத்தைக் கட்டிக்கொண்டாள் ராஜலட்சுமி.

“கீழ ஊத்த மனசில்லையா? அப்ப குடிங்க!” என்றாள் ரஞ்சிதா.

குடித்தார்கள், வயிறு முட்டக் குடித்தார்கள். மிச்சத்தை என்ன செய்வது? ரஞ்சிதா ஒரு குடத்தைத் தூக்கி ராஜலட்சுமி தலையில் கவிழ்த்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா! நடுரோட்டில், மஞ்சுக்குள், பதினைந்து பெண்கள் ஒருத்தியை ஒருத்தி துரத்தித் துரத்தித் தண்ணீரை ஊற்றினார்கள். குரங்குகள் மரத்தின் மேலே ஏறிக்கொண்டன. ஹாரன் அடித்தவர்களெல்லாம் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். “ஒங்களுக்கும் சூடா இருக்கும்ணே” என்று சேலத்துக்காரர் தலையிலும் ஒரு குடம் இறங்கியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேறென்ன செய்வார்!

“எல்லாரும் மேல நடந்து வாங்க. வெறும் வண்டியா ஏத்திப்புடுறேன்” என்றாள் பிரகதீஸ்வரி.

நனைந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருந்தது, அடிமரத்திலேயே பலாப்பிஞ்சு காய்த்திருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு அவர்கள் வளைவைத் தாண்டி மறைந்தார்கள். வேனுக்குள் ஒரே ஒரு ஆள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அத்த, நீங்களும் எறங்குங்க.”

“எறங்கல” என்றாள் சொர்ணவல்லி.

“முழங்கால் வலிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெறும் வண்டிய ஏத்துனா முத்துராசு நாளைக்கு என்ன சொல்லுவான்? சனத்தையெல்லாம் எறக்கி விட்டுட்டுத்தான ஏத்துனான்னு சொல்லுவான். ஒரு ஆளாவது ஒக்காந்து வந்துச்சுன்னு இருக்கணும்ல.”

“அத்த, ஒருவேள பின்னால உருண்டுருச்சுன்னா...”

“உருண்டா ரெண்டு பேருமாச் சேந்து உருளுவோம். எடு வண்டிய.”

பிரகதீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். ரஞ்சிதா போட்ட கல்லைப் பின்னால் விட்டுவிட்டு வேன் உறுமிக்கொண்டு வளைவில் ஏறியது. கண்ணாடியில் மாமியார் தெரிந்தாள். கண்ணை இறுக மூடி, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏறிருச்சு அத்த! கண்ணத் தொறங்க!”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுத்தா” என்றாள் சொர்ணவல்லி, கண்ணைத் திறக்காமலே.