காக்கைக்குப் போட்ட அரிசி

என் சகலையோடு நான் பேசுவதில்லை. "அக்கா வீட்டுக்காரர்கிட்ட இன்னும் எத்தனை நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருப்பீங்க?" என்று மனைவி கேட்கிறாள். வைத்துக்கொண்டுதான் இருப்பேன். அந்த மனுஷன் செய்த காரியத்துக்கு இது ரொம்பக் கம்மி.

டாலஸிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஒரு பீக்கன் தோட்டம் வரும். பீக்கன் என்றால் வால்நட் மாதிரி ஒரு கொட்டை. பக்கத்திலேயே ஒரு சூரியகாந்தி வயல். இரண்டுக்கும் சொந்தக்காரர் எழுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர், என் ஆபீஸ் நண்பருக்குத் தூரத்து உறவு. பீக்கன் முற்றும்போது காக்கைகள் வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுக் கீழே போடும், அடுத்ததற்குப் போகும். மாடப்புறாக்கள் கொட்டகையை நாறடிக்கும். போன ஏப்ரலில் அவருடைய கணவர் இறந்துபோனார். அதனால் இவற்றைச் சுட்டு விரட்ட ஆள் தேடினார். நண்பரோடு சேர்ந்து நானும் துப்பாக்கி பழகியிருந்தேன். போனேன்.

முதல் நாளே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அவர் கணவரும் மூன்று சிநேகிதர்களும் சூரியகாந்தி வயல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சீசன் புறா சுடுவார்கள், அதாவது வருடத்தில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் சுடச் சட்டம் அனுமதிக்கும் காட்டுப்புறா. இந்த வருடமும் அந்த மூன்று பேர் வருகிறார்கள். நாலாவது நாற்காலியும் போடப்படும். கணவருடைய துப்பாக்கியை எடுத்து அவரே சுடுவார். "அதுதான் நான் அவருக்குச் செய்யப்போற காரியம். அதுவரைக்கும் என் வயலை மட்டும் கெடுத்துடாதீங்க" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை.

காக்கை சுட, ஆள் ஒளிந்து உட்கார ஒரு மறைப்பு வேண்டும். நான் முதலில் கட்டியதைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். கடையில் வாங்கிய பச்சை வலை. டெக்சஸ் செப்டம்பரில் பச்சை எங்கே இருக்கிறது? சுற்றிலும் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்க, நடுவே கல்யாணப் பந்தல் மாதிரி நின்றது. காக்கைகள் எதிர் மரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க என்னைத் திட்டின. ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏணி வைத்து அந்த மரத்தில் ஏறி, காக்கை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். என் வழுக்கைத் தலை இருந்திருக்கும் இடம் பளிச்சென்று தெரிந்தது, மேலே கூரையே இல்லை! மடையன், நாலு பக்கமும் மூடிவிட்டு மேலே திறந்து வைத்திருக்கிறேன். காக்கை மேலேயிருந்துதானே பார்க்கும்?

மறுபடி கட்டினேன். வெட்டவெளியை விட்டு, அடர்ந்த புதரை முதுகுக்கு வைத்து, சூரியன் பின்னால் இருக்கும்படி. பழைய பழுப்பு வலை, அதில் அந்த இடத்துக் காய்ந்த புல்லையும் பீக்கன் கிளைகளையும் செருகினேன். மேலேயும் கிளை போட்டு உள்ளே இருட்டாக்கினேன். உட்கார்ந்தால் கண் உயரத்துக்கு ஒரு சந்து. பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை, பறவைகள் அதைப் புதர் என்றே நினைத்துப் பழகட்டும் என்று. புளியோதரை கொண்டு போனால்கூட அலுமினியத் தாளில் சுற்றக் கூடாது, மினுக்கும். அடுத்த சனிக்கிழமை காக்கைகள் பதினைந்து அடியில் வந்து இறங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. மறைப்புக்குக் கம்பம் தூக்க ஒரு நாள் சகலை வந்திருந்தார். கேட் பூட்டின் நம்பர் அவருக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். பிறகு ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும், "காக்கான்னா காக்கா, அப்படி வருது சகலை, பக்கத்துல உட்கார்ந்து பேசலாம் போல" என்று பீற்றிக்கொண்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருடைய கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அமாவாசை தோறும் அவர் வீட்டுக் கொல்லைப்பக்க மர டெக்கில் சோறு வைத்துக் கத்துவார், அணில்தான் வரும். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்று மத்தியானம் மூன்று மணி வரை குழந்தைகளைப் பட்டினி போடுவார். மகாளய அமாவாசை வியாழக்கிழமை வந்தது. நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். ஐயா லீவு போட்டுவிட்டார். தான் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. வாட்ஸப் குழுவில் போட்டு, ஆறு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

என் மறைப்புக்கு முன்னால் ஆறு வாழை இலை. பட்டுப்புடவையும் வேட்டியுமாய் இருபது பேர் நின்று கா கா என்றால் எந்தக் காக்கை வரும்? வரவில்லை. உடனே ஒரு மேதாவி, வெட்டவெளியில் போட்டால் கண்ணில் படும் என்று யோசனை சொல்ல, ஒரு பெரிய பை பச்சரிசியைப் பிரித்து, சூரியகாந்தி வயல் முழுக்கக் கை கையாய் வீசிவிட்டு வந்திருக்கிறார்கள்.

இங்கே சட்டம் இது: வயலில் தானாக விளைந்து உதிர்ந்த விதைக்கு வரும் சீசன் புறாவைச் சுடலாம். கையால் தானியம் போட்ட நிலத்தில் சுடக் கூடாது. ஒரு தானியமணி விடாமல் பொறுக்கி எடுத்தாலும், அதற்கப்புறம் பத்து நாள் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மாள் அரிசியைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவரே வேட்டை அதிகாரிக்கு போன் செய்து சொல்லிவிட்டு, அப்புறம்தான் எனக்குச் சொன்னார். அதிகாரி வயலை மூடிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சகலையைக் கூப்பிட்டேன்.

"யாரைக் கேட்டு அங்க போனீங்க?"

"கோவப்படாதீங்க சகலை. நல்ல காரியத்துக்குத்தானே போனோம். நாங்க கிளம்பினப்புறம் ஒரு காக்கா வந்து எடுத்துச்சு, கார்லருந்து வீடியோகூட இருக்கு, அனுப்பவா?"

"அந்தம்மா நாளைக்கு அவங்க வீட்டுக்காரருக்காக வெச்சிருந்தது நின்னுபோச்சுங்க."

"அடுத்த வாரம் வெச்சுக்கச் சொல்லுங்களேன். வெறும் அரிசிதானே. நீங்க காக்காவச் சுடறீங்களே, அது மட்டும் பாவமில்லையா?"

போனை வைத்துவிட்டேன். இன்னொரு நிமிடம் பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. அடுத்த வாரமாம். அந்த மூன்று கிழவர்களில் ஒருவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இன்னொருவர் பத்து மணி நேரம் தள்ளியிருக்கும் எல் பாசோவிலிருந்து மகனைக் கெஞ்சிக் கூத்தாடி காரில் வருகிறார். வெள்ளிக்கிழமை இருட்டும் வரை மண்டி போட்டு அரிசி பொறுக்கினேன். ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தே பொறுக்கினேன். சகலையையும் திட்டினேன், என் வாயையும் திட்டினேன்.

சனிக்கிழமை அந்த மூன்று கிழவர்களும் வந்தார்கள், துப்பாக்கி இல்லாமல். நாலு நாற்காலி போட்டார்கள். நாலு மணிக்குப் புறாக்கள் வர ஆரம்பித்தன. வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. அரிசி ருசி கண்டுவிட்டன. அவர்கள் தலைக்கு மேலேயே தாழப் பறந்து இறங்கின. "இத்தனை வருஷத்துல இந்த வயல்ல இவ்வளவு பறவை நான் பார்த்ததில்ல" என்றார் டயாலிசிஸ்காரர்.

அந்த அம்மாள் கணவருடைய துப்பாக்கியைப் பெட்டியோடு மடியில் வைத்திருந்தார். திறக்கவில்லை. வெளிச்சம் குறைந்ததும் எழுந்து என் பக்கம் வந்தார்.

"உங்க ஆளுங்க அந்த அரிசிய யாருக்காகப் போட்டாங்க?"

"இறந்துபோன அப்பா அம்மாவுக்காக. காக்கா சாப்பிட்டா அவங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா நம்பிக்கை."

"காக்கா சாப்பிட்டுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சாப்பிட்டுதாம்."

"அப்ப அவங்களுக்குக் கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.