அவன் சொன்ன பெயர்

அறுபதுகளின் தொடக்கத்தில் வடமதுரைப் பக்கம் ஒருவன் கிளம்பியிருந்தான். திரும்பி வருவேன் என்று சொல்லிப்போன கிறிஸ்து தான்தான் என்றான். திண்டுக்கல்லில் எங்கள் சபை ஆட்களே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பித்து பிடித்தது. எங்கள் மகளுக்கு அப்போது காசநோய். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் அவனை வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார். தெருவில் ஈ காக்கை இல்லை. வெள்ளை அங்கி, எண்ணெய் தடவிய தாடி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார்களாம். அவன் காலில் தூசியே இல்லை. கையில் பூவும் இல்லை. ஆனால் நிலக்கோட்டைப் பூ மூட்டையைப் பிரித்த மாதிரி வீடெல்லாம் மல்லிகை வாசம்.

என்னைப் பார்த்து மெதுவாக ஒரு பெயரைச் சொன்னான்.

மகளுக்கு முன்னால் பிறந்த ஆண் பிள்ளை, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டான். பெயர் வைக்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

"அவன் எங்கிட்டதான் இருக்கான் மகளே. இந்தப் புள்ளைக்கு ஊசிய நிறுத்து. எங்கூட அனுப்பு, சொகமாக்கி அனுப்புறேன்."

"மூஞ்சி வெளுத்துப்போச்சே, சொன்னது சரிதான? இதுக்கு மேல என்னத்த வேணும் ஒனக்கு? புள்ளையக் கெளப்பு" என்றார் வீட்டுக்காரர்.

கிளப்பத்தான் போனேன், சத்தியமாக. அப்போது மகள் இருமினாள். அவன் சட்டென்று பின்வாங்கி, அங்கி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

கள்ளக் கிறிஸ்துக்கள் பெரிய அற்புதங்களும் செய்வார்கள் என்று வேதத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது அன்றைக்குத்தான் உறைத்தது. குஷ்டரோகியைத் தொட்டவர் என் ஆண்டவர். இவனோ என் பிள்ளையின் இருமலுக்குப் பயப்படுகிறான்.

"புள்ளைய அனுப்ப மாட்டேன். வெளிய போ" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான்.

"ஒன் மகன் அழுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனான்.

வீட்டுக்காரர் பல நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானே மகளை ஊசிக்குக் கூட்டிப்போனேன். அவள் தேறிவிட்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு ஜெபத்தில் மகனுடைய பெயரை என்னால் சொல்ல முடிந்ததில்லை. சொல்ல வாயெடுத்தால் அந்த அங்கிக்காரன் குரல் முந்திக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கென்று என்னிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.