பன்னிரண்டாவது கதிரை

நாயாற்றுக் கரையிலுள்ள எங்கள் கோயிலில், பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாகப் பங்குச் சுவாமி பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்து, பீடத்தின் முன் கதிரைகளில் இருத்துவது என் வேலை. ஞாயிறு வாசகம் வாசிப்பதும் நான்தான். தெரிவானவர்களுக்கு முதலே சொல்லிவிடுவேன், வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று. சுவாமி கழுவுவதற்கு ஏற்கெனவே கழுவிய கால்தான் வேண்டும். இதை நினைத்து எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வந்ததில்லை.

அந்த வருடம் பக்கத்து வீட்டு அண்ணை கேட்டார். களப்பில் இறங்கி இறால் பிடிக்கிறவர், தனி ஆள். சீனி வருத்தம். வலது குதியில் ஆறாத புண்.

"தம்பி, என்னையும் ஒரு கதிரையில இருத்துங்கோவன். சுவாமியின்ர தண்ணி பட்டால் ஆறும் எண்டு மனம் சொல்லுது."

புண்ணில் கெட்ட மணம் அடித்தது. எனக்குச் சுவாமி கால் துடைக்கும் கோயிலின் வெள்ளைத் துவாய்தான் நினைவுக்கு வந்தது.

"முதல் புண் ஆறட்டும் அண்ணை. நான் உங்களுக்காக மன்றாடுறன்."

"ஓம் தம்பி," என்று போய்விட்டார். மன்றாடினேன்தான், அதில் பொய் இல்லை. என் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் சும்மா நின்றது. அவரை ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போகலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

பெரிய வியாழனன்று ஒருவர் வரவில்லை. பன்னிரண்டாவது கதிரை வெறுமையாகக் கிடந்தது. அண்ணை காலில் சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தார். பார்த்தேன். பார்த்துவிட்டு நானே போய் அந்தக் கதிரையில் இருந்தேன். சுவாமி என் காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து அண்ணைக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அவரைப் பஸ்ஸில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர். வலையில் மீன் கழற்றுவது அவருக்குத் தொழில். ஞாயிற்றுக்கிழமையும் கடற்கரையில்தான் நிற்பார், பூசைக்கு வரமாட்டார். அதற்காக அவர் வீட்டுக்கே போய்ப் புத்தி சொல்லிவிட்டு வந்தவன் நான்.

நான் பார்க்கப் போனபோது முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டிருந்தார்கள். அக்கா கட்டிலடியில் நின்றார். வீட்டில் காயம் கழுவ ஆள் யார் என்று தாதி கேட்டார். அண்ணை என்னைக் காட்டினார்.

"இவர் எங்கட கோயில்ல வாசிக்கிறவர், மிஸ்."

"வாசிக்கிறது சரி. கழுவுறது ஆர்?"

நான் யன்னலைப் பார்த்தேன்.

"நான் கழுவுறன். எப்பிடியெண்டு காட்டித் தாங்கோ," என்றார் அக்கா.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அன்று வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கோயிலுக்கு மூன்று படி. அண்ணை இப்போது வருவதில்லை. ஞாயிறு மன்றாட்டில் அவர் பெயரைத் தவறாமல் வாசிக்கிறேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் பதில் சொல்கிறது. அதில் உரக்கக் கேட்பது என் குரல்தான்.