மலையில் குடிக்காத தண்ணீர்

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையென்று பெயர் தாங்கிய கீரிமலையிலும் ஏறுதற்கு மலை இல்லை. கடலோரத்துக் கேணியே உண்டு. அத்தகைய சமநிலத்தில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்த என் தமையனார் கயிலை யாத்திரைக்குப் புறப்பட்டபோது நானும் துணையாகச் சென்றேன்.

திபெத்தில் வண்டியை விட்டு இறங்கியதுமே மூச்சு முட்டிற்று. வழிகாட்டியாக வந்த நேபாளத்தவர் எங்கள் விரல்களில் சிறு கருவியொன்றை மாட்டி, இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அளந்தார். தாகம் இல்லாவிடினும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் கூறியதை நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். தமையனார் போத்தலை உதட்டில் வைத்து நனைத்துவிட்டு மூடினார்.

"குடியுங்கோ அண்ணை."

"குடிச்சால் பெய்ய வேணும். சாமியின்ரை மலையிலை குந்தியிருந்து பெய்யச் சொல்லுறியோ?"

"அவரின்ரை தலையிலையிருந்து கங்கையே விழுகுது. உங்கடை சொட்டு மூத்திரத்தாலை மலைக்கு என்ன வந்திடும்?"

"கங்கையும் என்ரை மூத்திரமும் ஒண்டோடா, மடையா?"

இருவரும் சிரித்தோம். பேச்சு அதனோடு முடிந்தது.

மலையை வலம்வரத் தொடங்கிய பின்னரும் அவர் குடிக்கவில்லை. உதடுகள் நீலம் பாரித்தன. ஒரு பாறையில் அமர்ந்து தேவாரம் பாடத் தொடங்கியவருக்கு இரண்டாம் அடியில் நாக்குக் குழறிற்று. திருநீறு எடுத்த வலக்கை மடியில் விழுந்தது.

கீழே இறக்கி, காத்மண்டுவில் வைத்தியம் பார்த்து, ஊருக்குக் கொண்டுவந்தோம். யாழ்ப்பாணத்தில் அவரைப் பார்த்த பெண் வைத்தியர் என்னை இருத்தி விளக்கினார்.

"உயரத்திலை ஒட்சிசன் குறைஞ்சால், உடம்பு முதலிலை இரத்தத்திலை இருக்கிற தண்ணியைக் குறைக்கும், ஐயா. பிறகு எலும்புக்குள்ளை இருக்கிற மச்சை சிவப்பணுக்களைக் கூட்டும், இருக்கிற கொஞ்ச ஒட்சிசனையும் காவிறதுக்கு. ரெண்டாலையும் இரத்தம் தடிக்கும்."

"அதுதான் காரணமோ?"

"அதுமட்டும் எண்டு சொல்லேலாது. அவர் தண்ணி குடிச்சவரோ?"

இல்லையென்றேன். ஏன் என்று அவர் கேட்டபோது மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். உயிரைக் காக்கத் தடித்த இரத்தம் மூளைக்குச் செல்லும் குழாயில் உறைந்துவிட்டது என்பதை மட்டும் விளங்கிக்கொண்டேன்.

இப்போது தமையனார் விறாந்தையை அடுத்த மண்டபத்தில், சாமியறைக்கு எதிரே கட்டிலில் கிடக்கிறார். பேச்சில்லை. படுக்கை அடிக்கடி நனைகிறது. அவர் மனைவியான மச்சாள் துணி மாற்றும்போதெல்லாம் தமையனார் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இரத்தம் மறுபடியும் இறுகினால் உயிர் தப்பாது என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். ஆயினும் நான் கரண்டியில் தண்ணீர் கொண்டுசென்றால் உதடுகளை இறுக மூடுகிறார்.

"இது மலையில்லை, அண்ணை. உங்கடை வீடு."

அவர் கண்கள் என்னைக் கடந்து சாமியறையை நோக்கின. நான் எழுந்து அதன் கதவைச் சாத்தினேன்.

"சாமி விளக்கு எரியேக்கை சாத்தலாமோ?" என்றார் மச்சாள்.

நான் கரண்டியை மறுபடியும் நீட்டினேன். தமையனார் இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவது கடைவாயால் வழிந்தது.